சீனாவில் தங்குவோர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவது எப்படி?

சீனாவுக்குள் வரும் வெளிநாட்டுக்காரர் இரவு எங்கே தங்குகிறார் என்பது அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் கணக்கில் இருந்தாக வேண்டும். மருத்துவம் படிக்க வரும் மாணவர், ஷென்செனில் வேலைக்குச் சேரும் எஞ்சினியர், யீவூ சந்தையில் சரக்கு எடுக்க வரும் வியாபாரி, மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வரும் பெற்றோர், எல்லோருக்கும் சட்டம் ஒன்றுதான். 2013 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஹோட்டலில் தங்கினால் பதிவது ஹோட்டலின் வேலை. வேறு எங்கே தங்கினாலும், குடிபுகுந்த 24 மணி நேரத்துக்குள் தங்குபவரோ தங்க வைத்தவரோ காவல் நிலையத்தில் பதிய வேண்டும்.

பழைய விதிகளில் கிராமப்புறத்துக்கு 72 மணி நேரம் என்று ஒரு சலுகை இருந்தது. இணையத்தில் சில குறிப்புகள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இப்போது நகரம், கிராமம் என்ற வேறுபாடு கிடையாது.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. காகிதங்கள் சரியாக இருந்தால் அரை மணி நேர வேலை. ஆனாலும் ஏன் இத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்றால், வேறு யாரோ பதிந்திருப்பார்கள் என்று இருந்துவிடுவதால்தான். கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று மாணவரும், கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஊழியரும், வாடகைக்கு வந்தவரே போயிருப்பார் என்று வீட்டுக்காரரும் நினைக்கிறார்கள். கடைசியில் அபராதச் சீட்டு வருவது பாஸ்போர்ட்டில் பெயர் உள்ளவருக்கு. யார் பதிந்தாலும் சரி, பதிவுச் சீட்டு உங்கள் கையிலோ அதன் படம் உங்கள் போனிலோ வரும்வரை வேலை முடியவில்லை என்றே கணக்கில் வையுங்கள். நீண்ட காலம் தங்குவதற்கான குடியிருப்பு அனுமதி, ஓட்டுநர் உரிமம், சில வங்கிகளில் கணக்குத் தொடங்குவது என்று பின்னால் வரும் வேலைகளில் முதலில் கேட்கப்படுவது இந்தச் சீட்டுதான்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது

விமானம் இறங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று பலர் பதறுகிறார்கள். அப்படி இல்லை. தங்கும் இடத்துக்குள் நுழைந்த நேரமே கணக்கு. முதல் இரண்டு இரவு ஹோட்டலில் கழித்தால் அந்த இரண்டு இரவும் ஹோட்டல் பதிவில் அடங்கிவிடும். மூன்றாம் நாள் வாடகை வீட்டுக்குப் போனால் அங்கே புதிதாக 24 மணி நேரம் தொடங்கும். வீடு கைக்கு வராத நிலையில் வந்து இறங்குபவருக்கு இது நல்ல வழி. முதல் சில நாட்கள் ஒழுங்கான ஹோட்டலில் இருந்துகொண்டு, காகிதங்கள் தயாரான பிறகு வீட்டுக்கு மாறலாம்.

ஹோட்டலிலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. வரவேற்பில் பாஸ்போர்ட்டை வாங்கி ஸ்கேன் செய்கிறார்களா என்று பாருங்கள். ஒரு அறையில் இருவர் தங்கினால் இருவருடைய பாஸ்போர்ட்டும் ஸ்கேன் ஆக வேண்டும். வெளிநாட்டவரை ஏற்க உரிமம் இல்லை என்று சில சிறிய விடுதிகள் கையை விரிக்கும். அப்படித் தனி உரிமம் எதுவும் தேவையில்லை, தட்டிக்கழிக்கக் கூடாது என்று சீன அரசுத் துறைகள் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டன. இருந்தாலும் நள்ளிரவில் பெட்டியோடு நின்று சட்டம் பேசுவதில் பயன் குறைவு. முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டு பாஸ்போர்ட் ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

தனியார் வீடுகளை நாள் வாடகைக்கு விடும் ‘மின்சு’ வகைத் தங்குமிடங்களில்தான் சிக்கல் அதிகம். சீன அடையாள அட்டையைப் பதிய அவர்களிடம் வழி இருக்கும்; வெளிநாட்டு பாஸ்போர்ட்டைப் பதிய இருக்காது. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று வாடகைக்கு விடுபவர் சொன்னால், பதிவின் படத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் அதை வீடாகவே கருதி நீங்களே காவல் நிலையம் போக வேண்டும்.

விசா இல்லாமல் வருபவர்களுக்கும் இதே விதிதான். சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு 2024 பிப்ரவரி 9 முதலும், மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூலை 17-இல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தின்படியும் 30 நாள் வரை விசா தேவையில்லை. விசாவில் கிடைத்த விலக்கு பதிவுக்குப் பொருந்தாது. நண்பர் வீட்டில் தங்க வந்த மலேசியக்காரரும் 24 மணி நேரத்துக்குள் பதிந்தாக வேண்டும். ஹாங்காங், மக்காவ் இரண்டுக்கும் தனிக் குடிவரவு முறை இருப்பதால் இந்தச் சட்டம் அங்கே செல்லாது.

முன்பணம் கொடுக்கும் முன்

பதிவு சிக்கும் இடம் பெரும்பாலும் காவல் நிலையமாக இருக்காது, வீட்டுக்காரராக இருப்பார். உரிமையாளரின் அடையாள அட்டை நகலும் வீட்டுப் பத்திரத்தின் நகலும் இல்லாமல் பல நிலையங்கள் பதியாது. வாடகை வருமானம் அரசின் கண்ணில் பட்டால் வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதால், சில உரிமையாளர்கள் இந்தக் காகிதங்களைக் கொடுக்கத் தயங்குவார்கள். இதை வீட்டில் குடியேறிய பிறகு தெரிந்துகொள்வதில் லாபமில்லை. சீன நகரங்களில் ஒரு மாத வாடகை முன்பணம், மூன்று மாத வாடகை முன்கூட்டியே என்பது பரவலான வழக்கம். நான்கு மாதப் பணம் கைமாறிய பிறகு பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

ஆகவே வீடு பார்க்கும்போதே கேளுங்கள்: வெளிநாட்டவர் பதிவுக்குக் காகிதம் தருவீர்களா, தேவைப்பட்டால் நிலையத்துக்கு வருவீர்களா? ஆம் என்றால் அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்த வீட்டை விடுங்கள். வாடகை சற்று அதிகமானாலும், காகிதம் தரும் வீடே மலிவு.

இன்னொரு பொறி, உள்வாடகை. உரிமையாளரிடம் மொத்தமாக எடுத்து, அறை அறையாகப் பிரித்து மறுபடி வாடகைக்கு விடுபவரிடமிருந்து நீங்கள் எடுத்திருக்கலாம். அப்போது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் பொருந்தாது. நிலையத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இடையில் இருப்பவருக்கும் உரிமையாளருக்கும் உள்ள ஒப்பந்த நகல், உள்வாடகைக்கு விட உரிமையாளர் கொடுத்த சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஹாலைப் பலகையால் தடுத்து ஐந்தாறு பேருக்கு விட்டிருக்கும் வீடுகளில், எத்தனை காகிதம் இருந்தாலும் பதிவு மறுக்கப்படலாம். பெருநகரங்களில் அத்தகைய வீடுகள் மீது சோதனையும் அடிக்கடி நடக்கும்.

கல்லூரி விடுதியில் தங்கும் மாணவருக்கு இந்தத் தலைவலி இல்லை. சர்வதேச மாணவர் அலுவலகம் மொத்தமாகப் பதியும், அல்லது விடுதிச் சான்று ஒன்றைக் கொடுத்து உங்களையே அனுப்பும். இந்த இரண்டில் உங்கள் கல்லூரி எந்த வகை என்பதை வந்த அன்றே கேளுங்கள். விடுதியை விட்டு வெளியே வீடு எடுப்பதானால் கல்லூரியின் சம்மதம் முதலில் வேண்டும். அந்தச் சம்மதக் கடிதத்தை நிலையத்திலும் கேட்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை

- பாஸ்போர்ட் அசல்.
- பாஸ்போர்ட்டின் படப்பக்கம், செல்லுபடியாகும் விசா அல்லது குடியிருப்பு அனுமதிப் பக்கம், கடைசியாக நுழைந்த முத்திரை உள்ள பக்கம் ஆகியவற்றின் நகல்கள். ஏ4 தாளில் இரண்டு செட்.
- வாடகை ஒப்பந்தம், அசலும் நகலும்.
- வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல் (இரு பக்கமும்), வீட்டுப் பத்திர நகல்.
- வீட்டுக்காரரின் போன் எண், உங்களுடைய சீன எண்.
- முழு முகவரி, சீன எழுத்தில்.

உறவினர், நண்பர் வீட்டில் தங்குவோருக்கு ஒப்பந்தம் இருக்காது. அதற்குப் பதில் அந்த வீட்டுக்காரரே கூட வருவது நல்லது. அவரும் வெளிநாட்டவராக இருந்து வாடகை வீட்டில் குடியிருந்தால், அவருடைய பாஸ்போர்ட், அவருடைய பதிவுச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

முகவரியில் அலட்சியம் வேண்டாம். ஒரே குடியிருப்பு வளாகத்தில் இருபது கட்டடம், ஒவ்வொன்றிலும் மூன்று நுழைவாயில், ஒவ்வொரு நுழைவாயிலிலும் முப்பது மாடி என்பது அங்கே சாதாரணம். மாவட்டம், தெரு, தெரு எண், கட்டட எண், நுழைவாயில் எண், அறை எண் என்று ஒன்றுவிடாமல் வேண்டும். வளாகத்தின் பெயரை மட்டும் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்திரத்தில் உள்ள முகவரியையே படமெடுத்து வைத்துக் காட்டுவது எளிது. அந்த முகவரிதான் நிலையத்தின் கணினியிலும் இருக்கும்.

மொழிபெயர்ப்புச் செயலியை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போனில் ஏற்றி, சீன மொழியை ஆஃப்லைனில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் சேவைகள் சீனாவில் திறக்காது. சீனாவில் எல்லோரும் பயன்படுத்தும் செய்திச் செயலியான வீசாட்டில் கணக்கையும் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். ஆன்லைன் பதிவு இருக்கும் ஊர்களில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய அதுவே உதவும்.

எந்த நிலையம், எந்த நேரம்

‘பாய்ச்சூசுவோ’ என்பது பகுதிக் காவல் நிலையம். நீலமும் வெள்ளையும் கலந்த முகப்பு. ஒவ்வொரு நிலையத்துக்கும் இன்ன தெருவிலிருந்து இன்ன தெருவரை என்று எல்லை உண்டு. வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது உங்கள் நிலையமாக இருக்க வேண்டியதில்லை. தெருவின் எதிர்ப்புறம் வேறு நிலையத்தின் எல்லைக்குள் இருக்கலாம். வளாகத்தின் பராமரிப்பு அலுவலகத்தில் கேட்டால் சரியான பெயரைச் சொல்லிவிடுவார்கள். சில ஊர்களில் நிலையத்துக்குப் பதிலாக, குடியிருப்புக் குழு அலுவலகத்திலோ வெளிநாட்டவருக்கான சேவை மையத்திலோ பதிவு நடக்கும். அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

உள்ளே போனதும் குடும்பப் பதிவு செய்யும் ஜன்னலுக்குப் போங்கள். ‘ஜூசு தெங்ஜி’ என்றால் தங்கும் இடப் பதிவு. நம் உச்சரிப்பில் அவர்களுக்குப் புரியாமல் போக வாய்ப்பு உண்டு என்பதால், அந்தச் சொல்லைப் போனில் சீன எழுத்தில் காட்டிவிடுவதே உத்தமம்.

நிலையம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், பதிவு ஜன்னல் அப்படி இல்லை. மதிய இடைவேளை உண்டு, வார இறுதியில் மூடியிருக்கலாம். வெள்ளி இரவு குடியேறினால் திங்கள்வரை கெடு தானாக நீளும் என்று எந்த விதியும் கிடையாது. சனிக்கிழமையே போய்ப் பணியிலிருக்கும் அதிகாரியிடம் காகிதங்களைக் காட்டுங்கள். திங்கள் வரச் சொன்னால், வந்து கேட்டதற்கு அடையாளமாகத் தேதியோடு நிலைய வாசலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது சட்டப்படி விலக்கு தராது, ஆனால் தாமதத்தைக் கேள்வி கேட்கும்போது நல்ல பதிலாக இருக்கும். முடிந்தால் வார நடுவில் குடியேறுவதே இதற்கெல்லாம் எளிய மருந்து.

சீட்டைக் கையில் வாங்கியதும்

அதிகாரி அச்செடுத்துக் கொடுக்கும் தாளில் வட்ட வடிவச் சிவப்பு முத்திரை இருக்கும். பெயர், பாலினம், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண், விசா வகையும் எண்ணும், விசா காலாவதி, நுழைந்த தேதி, குடியேறிய தேதி, கிளம்பும் தேதி, முகவரி, வீட்டுக்காரர் பெயர். ஜன்னலை விட்டு நகராமல் ஒவ்வொன்றையும் பாஸ்போர்ட்டோடு வைத்துப் பாருங்கள். அங்கேயே சொன்னால் இரண்டு நிமிடத்தில் திருத்தித் தருவார்கள். மூன்று வாரம் கழித்து, குடியிருப்பு அனுமதி வழங்கும் என்ட்ரி–எக்ஸிட் அலுவலகத்தில் தெரிந்தால், திரும்ப நிலையத்துக்கு அலைய வேண்டும்.

நம்மவர்களுக்கு நேரும் பிழைகள் பெரும்பாலும் பெயரில்தான். தமிழர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருப்பதும், முழுப் பெயரும் ‘கிவன் நேம்’ வரியில் நிற்பதும் சாதாரணம். சிலருக்கு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். கணினியில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்டால், அதிகாரி பெயரை இரண்டாக உடைத்தோ வரிசையை மாற்றியோ போட்டுவிடலாம். படப்பக்கத்தின் அடியில் கணினி படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அதில் எந்த வரிசையில் பெயர் இருக்கிறதோ அதே வரிசை சீட்டிலும், விசாவிலும், பிறகு வங்கியிலும் வர வேண்டும். இன்ஷியலை விரித்து எழுதுவது, விட்டுவிடுவது இரண்டும் வேண்டாம்.

அடுத்தது நாடு. சீன மொழியில் இந்தியாவும் இந்தோனேசியாவும் ஒரே இரண்டு எழுத்துகளில் தொடங்கும். பட்டியலில் ஒன்றின் கீழ் ஒன்று நிற்கும்போது விரல் தவறுவது எளிது. எழுத்துக் குறியீட்டிலும் ஐஎன்டி, ஐடிஎன் என்று அதே மூன்று எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன. சீன எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும்: இந்தியாவுக்கு இரண்டு எழுத்து, இந்தோனேசியாவுக்கு ஐந்து.

மூன்றாவது, தேதி. நம் பாஸ்போர்ட்டில் நாள், மாதம், ஆண்டு. சீனத்தில் ஆண்டு, மாதம், நாள். 05/08/1999 என்பது 1999-08-05 என்று வர வேண்டும். கையால் தட்டச்சு செய்யும் இடத்தில் 1999-05-08 ஆகிவிடும். இரண்டும் செல்லக்கூடிய தேதிகள் என்பதால் கணினி தடுக்காது. பிறந்த நாள் 12-க்கு மேல் இருப்பவர்கள் இந்த விஷயத்தில் தப்பித்துக்கொள்வார்கள்.

பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் மாறுவது கடைசி. ஸ்கேனர் இருக்கும் நிலையத்தில் இது வராது, ஆன்லைனில் நீங்களே நிரப்பும்போது வரும்.

ஆன்லைன் பதிவு

ஷாங்காய், குவாங்சோ, ஷென்சென் போன்ற பெருநகரங்களில் நிலையத்துக்குப் போகாமலே பதியலாம். அந்தந்த நகரப் போலீஸின் தளமோ, வீசாட்டில் சிறு செயலியோ இருக்கும். நிலைய வாசலிலும் சில வளாகங்களின் அறிவிப்புப் பலகையிலும் க்யூஆர் குறியீடு ஒட்டியிருப்பார்கள். ஒரு நகரத்தின் குறியீடு இன்னொரு நகரத்துக்கு ஆகாது. தெரியாத கையிலிருந்து வீசாட்டில் வரும் குறியீட்டை ஸ்கேன் செய்யாதீர்கள். பாஸ்போர்ட் விவரம் முழுவதும் அதில் போகிறது.

பாஸ்போர்ட் படத்தை நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரிய, மேலிருந்து நேராக எடுங்கள். மின்விளக்கின் ஒளி பிளாஸ்டிக் மேல் பட்டு எண் மறைவதே நிராகரிப்புக்குப் பொதுவான காரணம். அனுப்பியவுடன் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்பது வேறு, ‘ஏற்கப்பட்டது’ என்பது வேறு. மறுநாள் திறந்து நிலையைப் பாருங்கள், ஏற்கப்பட்டிருந்தால் சீட்டைப் பதிவிறக்கி வையுங்கள். மின்சீட்டு சில இடங்களில் செல்லும், சில அலுவலகங்கள் முத்திரை வைத்த தாளைக் கேட்கும். குடியிருப்பு அனுமதிக்குப் போகும் முன் அதை அச்செடுத்து நிலையத்தில் முத்திரை வாங்கிவிட்டால் ஒரு நடை மிச்சம்.

முப்பது நாள் கெடு

எக்ஸ்1 (நீண்ட காலப் படிப்பு), இசட் (வேலை), க்யூ1, எஸ்1 (குடும்பத்தோடு நீண்ட காலம் தங்குவது) விசாக்களில் தங்கும் நாட்கள் என்ற இடத்தில் ‘000’ என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் என்ட்ரி–எக்ஸிட் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். இந்த முப்பது நாள் மட்டும் நுழைந்த நாளிலிருந்து எண்ணப்படும், குடியேறிய நாளிலிருந்து அல்ல.

படிப்பவருக்குக் கல்லூரிச் சேர்க்கைக் கடிதம், படிப்பு விசாவுக்கான ஜேடபிள்யூ201 அல்லது ஜேடபிள்யூ202 படிவம், கல்லூரியின் விண்ணப்பக் கடிதம் வேண்டும். வேலைக்கு வருபவருக்கு வேலை அனுமதி வேண்டும். ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்குபவருக்கு மருத்துவப் பரிசோதனைச் சான்று. கூடவே போலீஸ் பதிவுச் சீட்டு. விண்ணப்பத்தை ஏற்ற பிறகு முடிவெடுக்க அலுவலகத்துக்குச் சட்டம் தரும் அவகாசம் 15 நாள். அதுவரை பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும்; கையில் தரும் ரசீதே உங்கள் அடையாளம். அந்த நாட்களில் வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

செப்டம்பரில் சேரும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்டோபர் 1 முதல் தேசிய தின விடுமுறை ஒரு வாரம் ஓடும், அலுவலகங்கள் மூடியிருக்கும். செப்டம்பர் 5-ஆம் தேதி நுழைந்தவருக்கு முப்பதாவது நாள் அந்த விடுமுறைக்குள்ளேயே விழும். அடுத்த சேர்க்கைக்கு ஜனவரி, பிப்ரவரியில் வருபவருக்குச் சீனப் புத்தாண்டு இதே வேலையைச் செய்யலாம். மருத்துவப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

அனுமதியின் கட்டணம் ஒரு வருடத்துக்குக் குறைவானால் 400 யுவான், ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் 800, அதற்கு மேல் ஐந்து வருடம் வரை 1,000.

மறுபடி எப்போது பதிய வேண்டும்

வீடு மாறினால், அதே வளாகத்தில் அடுத்த கட்டடத்துக்குப் போனாலும், 24 மணி நேரத்துக்குள் புதிதாகப் பதிய வேண்டும். குடியிருப்பு அனுமதி கைக்கு வந்ததும் ஒருமுறை. ஏனென்றால் முதல் பதிவு விசா எண்ணோடும் விசா தேதியோடும் கட்டப்பட்டது. அனுமதியைப் புதுப்பித்தாலும் அப்படியே. பாஸ்போர்ட் மாறினால் இரண்டு வேலை: நிலையத்தில் பதிவு, பத்து நாளுக்குள் என்ட்ரி–எக்ஸிட் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதியின் விவர மாற்றம்.

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி அதே வீட்டுக்கு வந்தால்? நடைமுறை நகரத்துக்கு நகரம் மாறும். முகவரியும் அனுமதியும் மாறாவிட்டால் வேண்டாம் என்பவர்களும் உண்டு, ஒவ்வொரு நுழைவுக்கும் வா என்பவர்களும் உண்டு. ஷென்செனிலிருந்து ஹாங்காங் போய் மாலையே திரும்புவதும் ஒரு புதிய நுழைவுதான். முதல்முறை பதியும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஆன்லைன் வசதி இருக்கும் ஊரில் கேள்வியே வேண்டாம், ஐந்து நிமிடத்தில் பதிந்துவிட்டுப் போகலாம்.

வேறு ஊரில் நண்பர் அறையில் இரண்டு நாள் தங்கினாலும் சட்டப்படி அந்த ஊரில் பதிவு வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை என்பது உண்மை. விடுதிகளில் வெளியார் தங்குவதைக் கல்லூரிகள் சோதனை போடும்போது, வந்தவரோடு தங்க வைத்த மாணவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஓர் இரவு ஹோட்டல் செலவு அதைவிடக் குறைவு.

தாமதமாகிவிட்டால்

ஒளித்து வைக்காமல் போய்விடுங்கள். சட்டத்தின் 76-ஆவது பிரிவுப்படி எச்சரிக்கை, அதோடு 2,000 யுவான் வரை அபராதம் விதிக்கலாம். ஒன்றிரண்டு நாள் தாமதம், முதல் தடவை, தானாக வந்தவர் என்றால் எச்சரிக்கையோடு விட வாய்ப்பு அதிகம். சில நிலையங்களில் ஏன் தாமதம் என்று கைப்பட எழுதித் தரச் சொல்வார்கள். சுருக்கமாக, நடந்ததை எழுதுங்கள். நுழைவு முத்திரையும் விமானச் சீட்டும் அவர்கள் முன் இருக்கும்போது கதை செல்லாது. சோதனையில் பிடிபட்டு வருபவருக்கு இந்தத் தயவு எதிர்பார்க்க முடியாது.

அபராதம் என்றால் முடிவு எழுத்தில் வரும். என்ன எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்த்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பணத்தை அந்தச் சீட்டில் சொன்ன வழியில் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விசா புதுப்பிக்கும்போது கேட்டால் காட்ட வேண்டும்.

பதிவுத் தாமதத்தையும் விசா காலம் கடந்து தங்குவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது கடுமையானது: நாளொன்றுக்கு 500 யுவான் வீதம் 10,000 வரை அபராதம், அல்லது 5 முதல் 15 நாள் காவல். பதிவு செய்யப் போகும்போதுதான் விசா முடிந்திருப்பதே சிலருக்குத் தெரிய வருகிறது. சந்தேகம் எதுவானாலும் தேசியக் குடிவரவு நிர்வாகத்தின் 12367 எண்ணில் ஆங்கிலத்தில் கேட்கலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால், குழந்தை பிறந்தால்

16 வயது நிரம்பியவர் பாஸ்போர்ட்டையோ குடியிருப்பு அனுமதியையோ எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எடுத்துக்கொண்டே சுற்றினால் தொலையும். தொலைந்தால் முதலில் போக வேண்டியது காவல் நிலையம், அடுத்து என்ட்ரி–எக்ஸிட் அலுவலகம், பிறகு தூதரகம். மூன்று இடத்திலும் பாஸ்போர்ட் எண், விசா எண், நுழைந்த தேதி கேட்பார்கள். அந்த மூன்றும் ஒரே தாளில் இருப்பது பதிவுச் சீட்டில்தான். அதனால் சீட்டின் படத்தைப் போனில் மட்டும் வைக்காமல் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள், போனும் பாஸ்போர்ட்டும் ஒரே பையில் போவது நடக்கக்கூடியதே.

சீனாவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த 60 நாளுக்குள் என்ட்ரி–எக்ஸிட் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பிறப்புச் சான்றோடு குழந்தையின் பெயரில் பாஸ்போர்ட்டும் கேட்கப்படும் என்பதால், இந்தியப் பெற்றோர் பெய்ஜிங் தூதரகத்திலோ ஷாங்காய், குவாங்சோ துணைத் தூதரகங்களிலோ பிரசவம் முடிந்த முதல் வாரங்களிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். குழந்தைக்கான தங்கும் இடப் பதிவு பெற்றோர் பதிந்த அதே நிலையத்தில், தனிச் சீட்டாக.